ஓர் உள்ளங்கை இடைவெளி

குருசடித்துறைக்காரர்களின் கால்கள் அவர்களுடைய சொந்த மைதானத்தில் பாவாமல் போனது ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. பதிவு அலுவலகத்தில் பத்திரத்தின் மேல் முத்திரை விழுந்ததும் அதே நேரம்தான் என்று பிற்பாடு கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்போது மைதானத்தில் இருந்தவள் எமரன்சியாள் ஒருத்திதான். மறுநாள் ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு கிழக்கு ஓரத்தில் குனிந்து நின்றவள், காலுக்கடியில் புல்லின் ஈரம் சட்டென்று விட்டுப்போனதை உணர்ந்து கீழே பார்த்தாள். வெறுங்காலுக்கும் புல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. கையைத் தட்டையாக நீட்டினால் நுழைகிற அளவு, ஓர் உள்ளங்கையின் தடிமன். ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தாள், இறங்கவில்லை. மறு காலை அழுத்தி ஊன்றிப் பார்த்தாள், அதுவும் இறங்கவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் தலை கிறங்குகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு மீதிக் கோட்டையும் போட்டு முடித்தாள். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வெளிவாசலைத் தாண்டியதும் கால் தரையில் பட்டது. தெருவில் பட்டது, கோயில் முற்றத்தில் பட்டது, கடற்கரை மணலில் கணுக்கால்வரை புதைந்தது. மைதானத்துக்குள் திரும்பி வந்தால் மறுபடியும் அதே இடைவெளி. சாயங்காலம் பயிற்சிக்கு வந்த உள்ளூர் ஆட்டக்காரர்கள் பதினாறு பேரும் கோட்டைத் தாண்டிய மாத்திரத்தில் உள்ளங்கை உயரம் எழும்பி, ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கானாவிலிருந்து சம்பளத்துக்கு ஆட வந்திருந்த இரண்டு பேருக்கு மட்டும் கால் நன்றாகப் பாவியது. அவர்கள் பாவம், இந்த ஊரில் இதுவும் ஒரு பழக்கமாக்கும் என்று நினைத்துப் பந்தை எடுத்து உதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கால் பாவாமல் திரிவது பேய்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஊரிலும் முதலில் அப்படித்தான் கேட்டார்கள், கேட்டுவிட்டுத் தங்கள் காலையே குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். குருசடித்துறையின் கடல்விண்மீன் கழகம் ஒரு காலத்தில் கடற்கரை ஊர்களுக்குள் கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்த கழகம். பத்து வருடம் விடாமல் ஜெயித்து ஜெயித்துப் பெரிய லீகுக்குள் போய்விட்டது. பெரிய லீகுக்குப் போனால் பெரிய செலவு. அதற்கென்று ஐஸ் பிளாண்டுகள் வைத்திருந்த பிரைட்ராஜன் முதலாளி வந்தார், கழகத்தை நடத்துகிற பொறுப்பை வாங்கினார், கானாக்காரர்களை இறக்கினார், பஸ் வாங்கினார், பஸ்ஸுக்கு ஏசி போட்டார். லீகிலோ ஒரு விதி இருந்தது. மூன்று வருடத்துக்குள் இன்ன அளவுக்கு மேல் நஷ்டம் காட்டுகிற கழகத்துக்குப் புள்ளியை வெட்டிக் கீழே தள்ளிவிடுவார்கள். நஷ்டம் அந்த அளவைத் தாண்டி எவ்வளவோ தூரம் போயிருந்தது. அப்போதுதான் முதலாளியின் ஆடிட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மைதானத்தைக் கழகம் விற்க வேண்டியது, முதலாளியின் இன்னொரு கம்பெனி அதை வாங்க வேண்டியது, விற்ற தொகையை வருமானம் என்று எழுதினால் நஷ்டம் மறைந்துவிடும், வாங்கிய கம்பெனி அதே மைதானத்தைக் கழகத்துக்கே வாடகைக்கு விட்டுவிடும். விதியில் அதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை.

கழகத்தின் செயலாளர் ததேயு நல்ல மனுஷன். கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டு, தன் சட்டையையே தொட்டுக் காட்டி ஊருக்கு விளக்கினார். "வலது பையில உள்ளதை எடுத்து இடது பையில போடுதோம். சட்டை ஒண்ணுதான். ஒண்ணும் மாறாது," என்றார். அவருக்கே அது அவ்வளவுதான் விளங்கியிருந்தது.

ஆனால் கழகத்தின் பழைய சட்டத்தில் ஒரு கட்டு இருந்தது. மைதானத்தை விற்க வேண்டுமானால் பதிவேட்டில் உள்ள அத்தனை பெயருக்கும் கை எழும்ப வேண்டும், ஒரு கை குறைந்தாலும் விற்க முடியாது. கடலுக்குப் போயிருக்கிற ஆளுக்கு அவன் வீட்டுக்காரி தன்னுடைய ஒரு கையோடு மறு கையையும் சேர்த்துத் தூக்குவாள். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'கடலில்' என்று எழுதிக்கொள்வார்கள். குருசடித்துறையின் வழக்கம் என்னவென்றால், கடலுக்குப் போய்த் திரும்பியே வராத ஆளுக்கும் அதே 'கடலில்'தான். உடல் கரைக்கு வராதவனின் பெயரை யாரும் அடித்ததில்லை. ஐம்பது வருடத்தில் அப்படி முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொரு பேருக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. உடல் இல்லாமல் குழி வெட்டக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு பங்குச் சாமியார் மறுத்துவிட்டாராம். மறுத்தால் போகட்டும் என்று அன்றைக்கு ஊர் கூடி, காணாமல்போனவனின் ஆட்டச் சட்டையை நாற்பத்தொன்றாம் நாள் மைதானத்தின் கிழக்குக் கோட்டோரம், கடலைப் பார்த்த பக்கமாகப் புதைத்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

எமரன்சியாளின் வீட்டுக்காரன் கிளீட்டஸ் அங்கேதான் இருந்தான், கொடிக் கம்பத்திலிருந்து ஒன்பதாவது அடியில். இடது பின்களம், மூன்றாம் நம்பர். பந்து எதிர்ப் பாதியில் இருக்கும்போதெல்லாம் சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பான், ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் இவள் காலரைத் தைத்துக் கொடுத்துவிட்டுத் திட்டுவாள். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம் கடலுக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு கழகம் இவளுக்குக் கோடு போடுகிற வேலையையும் சட்டைகளைத் துவைக்கிற வேலையையும் கொடுத்தது. தினமும் வேலை முடிந்ததும் ஒன்பதாவது அடியில் போய் உட்கார்ந்து, உள்ளங்கையைப் புல்லில் ஊன்றிக்கொண்டு, இன்றைக்கு நெத்திலி என்ன விலை போயிற்று, யாருக்கும் யாருக்கும் சண்டை, உன் தங்கச்சி இன்னும் என்னோடு பேசவில்லை என்று எல்லாவற்றையும் சொல்வாள். அவள் கைக்கு அவன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்தது. அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்தன்று கைகள் எழும்பின. ஆண்கள் தூக்கினார்கள், பெண்கள் தூக்கினார்கள், கடலில் இருக்கிறவர்களின் வீட்டுக்காரிகள் இரண்டு கையையும் தூக்கினார்கள், வராமல் போனவர்களின் வீட்டுக்காரிகளும் தாய்மாரும் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்கள். எமரன்சியாள் இடது கையைத் தனக்காகத் தூக்கினாள். வலது கை மடியிலேயே கிடந்தது. அந்தக் கை தினமும் புல்லில் ஊன்றுகிற கை, அதற்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது. முற்றம் முழுக்கக் கைகளாய் நிற்க, ஊரே திரும்பி அவள் மடியைப் பார்த்தது. ததேயு பதிவேட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"மைனி, கிளீட்டஸ் இருந்தா, கழகம் கீழ போவட்டும்னு கையைக் கெட்டிட்டு இருப்பானா?"

இருக்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கை எழும்பியது.

இனி ஊர் அதை எப்படிப் பழகிக்கொண்டது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குருசடித்துறைக்காரர்கள் எதையும் பழகிக்கொள்வார்கள். வியாழக்கிழமை ஆட்டத்தில் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம், அந்த ஒன்றையும் கானாக்காரன்தான் போட்டான். ஊன்றி உதைக்கத் தரை இல்லாதவன் என்ன செய்வான்? எதிராளி தோளால் லேசாகத் தட்டினால் நம்முடையவன் காற்றடித்த தோணிபோலக் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். அடுத்த ஆட்டத்துக்கு மீனவப் புத்தி வேலை செய்தது. வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை அவிழ்த்து வந்து ஆளுக்கு ஒன்றரைக் கிலோ காலுறைக்குள் செருகினார்கள். கனம் ஏறியது, இடைவெளி குறையவில்லை, ஓட முடியாமல் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். நடுவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டக்காரனின் கால் தரையில் பட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்று சொல்லி விசிலை ஊதினார். கால்தடம் படாத இவ்வளவு சுத்தமான கோட்டைத் தான் எங்கும் கண்டதில்லை என்று எமரன்சியாளைப் பாராட்டவும் செய்தார்.

லீகிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். டேப்பை வைத்து இடைவெளியை அளந்தார்கள், பத்திரத்தை வாங்கிப் படித்தார்கள், விற்பனையில் ஒரு குறையும் இல்லை, கால் என்பது கழகத்தின் உள்விவகாரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டிவிக்காரர்கள் ஒரு வாரம் இருந்து, பக்கத்து ஊரில் யானை ஒன்று இறங்கியதும் அங்கே போய்விட்டார்கள். கேலரியின் சிமென்ட்டுப் படியில் உட்காருகிறவர்களும் உள்ளங்கை உயரத்தில்தான் உட்கார்ந்தார்கள். வெயில் சூடு தட்டவில்லை, மூல வியாதிக்கு நல்லது என்று சில கிழவர்கள் சந்தோஷப்பட்டார்கள். புதுசாய்க் கட்டிக்கொண்ட ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தன. பங்குச் சாமியார் வேறு மறைமாவட்டத்துக்காரர், அவருக்குக் கால் பாவியது. அவர் தீர்த்தம் தெளித்தார், தீர்த்தம் புல்லில் ஒழுங்காக விழுந்தது, மனிதர்கள் மட்டும் இறங்கவில்லை.

முதலாளி ஒரே ஒரு தடவை வந்தார். விற்றவரும் அவர்தான், வாங்கியவரும் அவர்தான். ஆகவே இடது கால் தரையில் ஊன்ற, வலது கால் அந்தரத்தில் நிற்க, விந்தி விந்தி நடுக்கோடுவரை நடந்தார். யாரும் சிரிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பிறகு அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை.

எமரன்சியாள் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. தினமும் வேலை முடிந்து ஒன்பதாவது அடியில் போய் உட்கார்ந்து கையை ஊன்றுவாள், கை அந்தரத்தில் நின்றுவிடும். முழு பலத்தையும் கொடுத்து, தோள் வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவாள். புல்நுனிகூட உள்ளங்கையில் படாது. நெத்திலி விலையைச் சொல்லத் தொடங்கி, மாடியில் நின்று தெருவில் போகிற ஆளோடு பேசுவதுபோல் இருக்கிறது என்று பாதியிலேயே நிறுத்திக்கொள்வாள். அவன் கீழே காத்திருப்பான், இவளுக்கு என்ன கோபம் என்று நினைப்பான் என்று அவளுக்கு வேதனையாக இருந்தது. விற்றது அவனுக்கும் தெரியும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ததேயுவிடம் போனாள். கையை இறக்கிவிடலாமா, கூட்டத்தைத் திருப்பிப் போடலாமா என்று கேட்டாள். ததேயு மறுக்கவில்லை, மணி அடித்து ஊரைக் கூட்டி, பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். ஒரு கையும் எழும்பவில்லை. கிளீட்டஸ் என்று வாசித்தபோது எமரன்சியாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாசித்து முடிந்ததும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அந்தரத்தில் நின்றுகொண்டு ததேயு குழந்தைபோல அழுதார், அவரைத் திட்ட வந்தவர்களும் திட்டாமல் திரும்பினார்கள்.

முதலாளி வீட்டுக்கும் போனாள். அவர் நாற்காலி போடச் சொன்னார், டீ கொடுக்கச் சொன்னார், மைதானம் இப்போது அந்தக் கம்பெனியிலும் இல்லை என்றார். இடது பையிலிருந்து அது வேறு யாருடைய பைக்கோ போய்விட்டது; அவர்கள் பெரிய ஆட்கள், அங்கே கண்டெய்னர் அடுக்குகிற கிட்டங்கி கட்டப்போகிறார்கள். தன் கையில் ஒன்றும் இல்லை என்று அவர் கையை விரித்துக் காட்டினார். அது பொய்யில்லை என்பதுதான் எமரன்சியாளுக்குத் தாங்க முடியவில்லை.

கழகம் எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு நகரத்து ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுத்து ஆடப் போயிற்று. அங்கே எல்லோருக்கும் கால் பாவியது. ஜெயிக்கவும் ஜெயித்தார்கள், புள்ளியும் வெட்டுப்படவில்லை, லீகிலேயே நிலைத்தும் விட்டார்கள். ஊர் இரண்டு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தது, மூன்றாவது தடவை யாரும் கிளம்பவில்லை.

மைதானத்து வாசலில் புது ஆட்கள் ஒரு காவல்காரனை வைத்தார்கள். ஒடிசாக்காரன், பெயர் பிகாஷ், அவன் கால் பாவியது. கோடு போட வேலை இல்லாமல் போன பிறகும் எமரன்சியாள் தினமும் வருவதைப் பார்த்து அவன் தடுக்கவில்லை. ஒரு நாள் அவள் அவனைக் கூட்டிப்போய் ஒன்பதாவது அடியைக் காட்டி, அங்கே கையை வைக்கச் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டி போட்டு, உள்ளங்கையை விரித்துப் புல்லில் வைத்தான்.

"என்ன சொல்லணும் அம்மா?"

"ஒண்ணும் சொல்லாண்டாம் மக்கா. கையை மட்டும் வை."

அவன் வெகுநேரம் வைத்திருந்தான். ஏதாவது தெரிகிறதா என்று அவள் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்து, மண் கீழிருந்து மேலே தள்ளுவதுபோல் இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்து ஐந்தாம் நாள் காலை வெறித்தபோது, பிகாஷ் தெருவுக்கு ஓடிவந்து எமரன்சியாளின் கதவைத் தட்டினான். அவள் போவதற்குள் மற்றப் பெண்களும் வந்துவிட்டார்கள். கிழக்குக் கோட்டோரம் முழுக்க மண் வெடித்துப் பிளந்திருந்தது. முப்பத்தொரு சட்டைகளும் வெளியே வந்து, புல்லுக்கு மேலே, சரியாக ஓர் உள்ளங்கை உயரத்தில், கைகளை விரித்துக்கொண்டு மல்லாந்து வரிசையாக மிதந்தன. நீலமும் வெள்ளையும், சிலது நூலாய்ப் போனது, சிலது நேற்றுத் துவைத்ததுபோல் இருந்தது. ஒவ்வொருத்தியும் நம்பரைப் பார்த்து, தைத்த இடத்தைப் பார்த்து, தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டாள். எமரன்சியாளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. காலரில் அவளுடைய தையலும், அதற்குமேல் அவனுடைய பல் தடமும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நமக்காகத் தூக்கிய கை நம்மை எழுப்பியது, அவனுக்காகத் தூக்கிய கை அவனை எழுப்பியது. பதினோரு வருடம் கிடந்த இடத்திலிருந்து அவனைக் கிளப்பியது கடலும் இல்லை, கம்பெனியும் இல்லை, இந்தக் கைதான். அதைத் துண்டாக்கிப் போட்டுவிடலாம் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் அதே கையில்தான் அவன் சட்டை இருந்தது.

திங்கட்கிழமை காங்கிரீட் வண்டிகள் வந்தன.

சாமியார் இந்தத் தடவை மறுக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று கல்லறைத் தோட்டத்தில் நீளமாக ஒரு குழி வெட்டச் சொன்னார், ஜெபம் சொன்னார், பெண்கள் ஒவ்வொருவராகச் சட்டையைக் குழியில் இறக்கினார்கள். சட்டைகள் அடிமண்ணைத் தொடாமல் நின்றன. மேலே மண் போட்டால் மண் சட்டையைச் சுற்றி வழிந்து அடியில் போய் நிறைந்தது, சட்டை மேலே மேலே வந்தது, கடைசியில் குழி மூடியபோது முப்பத்தொன்றும் மண்ணுக்கு வெளியே அதே உயரத்தில் கிடந்தன. கால் பாவாதவர்கள் மைதானத்துக்கு வெளியே வந்தால் கால் பாவுகிறதே, இவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று கிளீட்டஸின் தங்கச்சி அழுதுகொண்டே கேட்டாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு எமரன்சியாளோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. எமரன்சியாளுக்குப் பதில் தெரிந்திருந்தது. நமக்கு வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. அவர்களுக்கு உலகத்தில் இருந்த மண்ணே அது ஒன்றுதான்.

எல்லோரும் அவரவர் ஆளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சிலர் பீரோவில் வைத்தார்கள், சிலர் மாதா படத்துக்குக் கீழே வைத்தார்கள், எங்கே வைத்தாலும் தட்டுக்கும் சட்டைக்கும் நடுவே அந்த இடைவெளி நின்றது. எமரன்சியாள் சட்டையை அலசி, உலர்த்தி, காலரில் விட்டுப்போன இடத்தை மறுபடியும் தைத்தாள், தைக்கும்போது வழக்கம்போல் திட்டினாள். பிறகு நடுவீட்டில் பாய் விரித்து அதன் மேல் கிடத்தினாள். சட்டை பாயைத் தொடாமல் நின்றது. ஜன்னல் வழியாக மைதானத்தில் காங்கிரீட் கலக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் படுத்து, வலது கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, பாய்க்கும் சட்டைக்கும் நடுவே மெதுவாகச் செருகினாள். இடைவெளிக்குக் கை சரியாக இருந்தது. சட்டை இறங்கி அதன் மேல் படுத்தது. ஓர் ஆளின் முதுகுக்கு என்ன கனம் உண்டோ அந்தக் கனம் இருந்தது. அவள் நெத்திலி விலையைச் சொன்னாள், தங்கச்சி பேசிவிட்டதைச் சொன்னாள், கழகம் கீழே போகவில்லை என்றும் சொன்னாள். கை மரத்துப்போனது. அவள் எடுக்கவில்லை.